கை பட்டுடுச்சி

"ஆபத்து! ஆபத்து! இளமதி ஆபத்தில் இருக்கிறார்!"

மேசைமேல் கிடந்த போன் பெண் குரலில் அலறியபோது தினகரனின் இரண்டு கைகளும் ஒரு பைக்கின் இன்ஜினுக்குள் இருந்தன. உருவிக்கொண்டு ஓடினான். விரல் முழுக்க கிரீஸ். தொட்டால் போன் கேட்கவில்லை. கடைசியில் குனிந்து மூக்கால் தொட்டான். மேப் விரிந்தது. சாலவாக்கம் ரோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது.

"நவுருது! ஐயய்யோ, வண்டில தூக்கிப் போட்டுக்கினு போறானுங்கோ!"

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவனுடைய மெக்கானிக் கடையில் அந்த நேரத்தில் ஓடக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான். பிரிஸ்கில்லா டீச்சரின் ஸ்கூட்டர். டீச்சர் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தினகரன் அதில் தாவி ஏறினான்.

"தினகரா, அதுக்கு இன்னும் பிரேக் மாட்டலயேப்பா!"

டீச்சர் சொன்னது அவன் புத்தியில் ஏறியபோது எதிரே டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. புள்ளி அந்த பஸ்ஸுக்குள்தான் இருந்தது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். பஸ் நின்றது. ஸ்கூட்டர் நிற்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, புதிதாக நட்ட வயலில் பாதி தூரம் போய், சேறு பிடித்து இழுத்த பிறகுதான் நின்றது.

ஜன்னலோர சீட்டிலிருந்து இளமதி எட்டிப் பார்த்தாள். லைனிங் துணி வாங்க டவுனுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, வயல்ல இன்னா பண்றீங்க?"

முழங்கால் சேற்றில் நின்றபடி தினகரன் பஸ்ஸைப் பார்த்தான். கண்டக்டர், டிரைவர், கூடைக்காரிகள், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கடத்தல்காரன் மாதிரி யாரும் தெரியவில்லை.

"உனுக்கு ஒன்னும் இல்லியே?" என்றான்.

"எனுக்கு இன்னா? நீங்க மேல ஏறுங்க."

விஷயம் இதுதான். அந்த ஆப்பின் பெயர் 'உடனிரு'. டி.வி. செய்தியில் ஏதோ ஒரு ஊரில் பெண்ணுக்கு நடந்ததைப் பார்த்து இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்த தினகரன், பக்கத்துக் கடை ஜெகனிடம் சொல்லி மனைவியின் போனில் அதை ஏற்றியிருந்தான். போன தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பா அம்மா இல்லாத வீடு. அவன் காலையில் கடைக்கு வந்துவிட்டால் இருட்டுகிறவரை இளமதி தையல் மிஷினோடு தனியாக இருப்பாள். ஆபத்து வந்தால் போனை உலுக்கினால் போதும், ஆப் அவனைக் கூப்பிடும். சாலவாக்கம் ரோட்டில் டவுன் பஸ் போனால் போன் மட்டுமா குலுங்கும், குடலே குலுங்கும். ஆப் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டதில் தப்புச் சொல்ல முடியாது.

ஜெகன் போனை வாங்கித் தட்டினான்.

"உலுக்கறத ஆஃப் பண்ணிட்டேண்ணே. இனிமே சைடு பட்டன மூணு தபா அமுக்கினாதான். அதே நேரத்துல அவங்க போன்ல சைரன் அடிக்கும். தெருக்கோடி வரிக்கும் கேக்கும். உன்ன வுட்டா இன்னும் யார் யாருக்கு மெசேஜ் போவணும், நம்பர் சொல்லு."

தினகரன் யோசிக்கவே இல்லை. முதல் நம்பர் மாமா வேதகிரி. அக்கா சொக்கம்மாளின் புருஷன். அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அப்பா செத்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தினகரனை மெக்கானிக் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான், பெருநகர் கிராமத்தில் இளமதியைப் பார்த்துப் பேசி முடித்தவரும் அவர்தான். ஊரில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எதுவானாலும் அவர் வந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். இரண்டாவது எதிர்வீட்டு சேட்டு. மூன்றாவது போலீஸ் ஸ்டேஷன்.

அன்று சாயந்திரம் இளமதியை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினான்.

"அமுக்கினா யார் யாருக்குப் போவும்?" என்று கேட்டாள்.

சொன்னான்.

"அண்ணனுக்கு எதுக்குங்க?" மாமாவை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"நல்லாக் கேட்ட போ. டவுன்லருந்து நான் வந்து சேர்றதுக்குள்ள எது வேணா நடக்கலாம். மாமா ரெண்டு வூடு தள்ளி கீறாரு. கூப்ட்ட கொரலுக்கு வருவாரு."

இளமதி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதுக்குள் போகாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"பிரபாக்கா நம்பரப் போடுங்களேன். பக்கத்து வூடுதானே."

"அதுகிட்ட கீறது பழைய பட்டன் போனும்மே. அதுல இதெல்லாம் வராது."

அவள் நூலின் நுனியைப் பல்லால் கடித்துவிட்டு மறுபடி கோக்கத் தொடங்கினாள்.

சைரன் முதல்முறை அடித்தது நல்ல பகல் வேளையில். இந்தமுறை தினகரன் பிரேக் உள்ள வண்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு பறந்தான். வீட்டு வாசலில் கூட்டம். சேட்டு கடப்பாரையோடு நின்றிருந்தான். வருகிற அவசரத்தில் அதைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றிருந்தான். வேதகிரி படியில் நின்று எல்லாரையும் அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் இல்லப்பா, கலைஞ்சி போங்க. தங்கச்சி தெரியாம பட்டன அமுக்கிடுச்சி. கை பட்டுடுச்சி, அவ்ளோதான். மாப்ள, நீயும் எதுக்கு இப்டி அடிச்சிப் பிடிச்சி வர்ற? நான் இல்ல?"

இளமதி அவருக்குப் பின்னால் நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி.

"கை பட்டுடுச்சா?" என்றான் தினகரன்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு தெருவில் இருந்த அத்தனை முகங்களையும் பார்த்தாள்.

"ம்... கை பட்டுடுச்சி."

சேட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனான். தினகரன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "சைரன் நிக்கறதுக்குள்ள வந்துட்ட பாரு மாமா. நீ இல்லன்னா எம் பொழப்பு இன்னா ஆவறது!"

தவறுதலாகக் கை பட்டால் என்ன செய்வது என்று மறுநாள் ஜெகனிடம் கேட்டான். அதற்கும் ஆப்பில் வழி இருந்தது. பட்டனை அமுக்கியதும் உடனே அடிக்காது. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, 'ரத்து செய்யவா?' என்று திரையில் கேட்கும். பேசாமல் இருந்தால்தான் சைரன் அடிக்கும்.

"சூப்பருடா," என்றான் தினகரன்.

அடுத்த வாரமே மறுபடி அடித்தது. மறுபடி கூட்டம். சேட்டு இந்தமுறை வெறுங்கையோடு வந்தான். வேதகிரி தண்ணீர்ச் சொம்பு கொண்டுவரச் சொல்லி, வேர்த்துக் கொட்டிய தினகரனுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

"கேன்சல் பண்ணவான்னு கேட்டுதா, இல்லியா?" என்று தினகரன் மனைவியைக் கேட்டான்.

"கேட்டுது."

"அமுக்க வேண்டியதுதானே?"

"கை ஒழியல," என்றாள் இளமதி.

மிஷினில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று கிடந்தது. தினகரன் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான். வேலை மும்முரம்.

தெரு தன் பங்குக்குத் துப்புத் துலக்கியது. கோடி வீட்டு எல்லப்பன், இது குரங்கு வேலை என்றார். அவர் வீட்டில் ஒரு குரங்கு டி.வி. ரிமோட்டைத் தூக்கிப்போய் முருங்கை மரத்தில் உட்கார்ந்து அமுக்கியது எல்லாருக்கும் தெரியும். தினகரன் ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்தான். தோட்டத்துக் கதவுப் பக்கம் குரங்கு வரக்கூடாது என்று அந்தக் கதவை ஆணி அடித்தே மூடினான். வீட்டுக்கு இப்போது ஒரே வாசல்தான்.

சைரன் அப்படியும் அடித்தது.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பிரபாதான் உண்மையைக் கண்டுபிடித்தாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அந்த வழியாகப் போன தினகரனை நிறுத்தினாள்.

"கொரங்கும் இல்ல, ஒன்னும் இல்ல. புதுசா கட்டிக்கினு வந்த பொண்ண வூட்ல வுட்டுட்டு நீ பாட்டுக்கு நட்டு போல்ட்டு கழட்டிக்கினு கெடந்தா, அது இன்னா பண்ணும்? புருசன் மூஞ்சப் பாக்கணும்னு பட்டன அமுக்குது. நீயும் ஓடியாற இல்ல?"

குழாயடியே சிரித்தது. தினகரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கடை போய்ச் சேருகிறவரை அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக எடுத்தான்.

"ஏம்மே, என்னப் பாக்கணும்னா ஒரு போன் போட வேண்டியதுதானே. சைரன் எதுக்கு?"

இளமதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நீங்க வந்தா நல்லா கீது," என்றாள்.

அவன் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

"ஏங்க, நானும் உங்ககூட கடைக்கு வந்துடட்டா? ஒரு மூலைல மிஷினப் போட்டுக்கினு தெச்சிக்கறேன். உங்களுக்கு நாஷ்டாவும் கையோட ஆச்சி."

அந்த யோசனை தினகரனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மறுநாள் காலையில் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டான். எதையும் அவரைக் கேட்காமல் செய்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"நல்லா கீதா மாப்ள நீ பேசறது?" என்றார் வேதகிரி. "கண்டவன் வந்து நிக்கற எடம் மெக்கானிக் கடை. நம்ம வூட்டுப் பொண்ண அங்க உக்கார வெச்சா நாலு பேரு நாலு விதமா பாப்பான். பொண்ணுக்கு வூட்ட வுடப் பாதுகாப்பான எடம் எது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ரவிக்கைத் துணியில் கிரீஸ் பட்டுவிடும் என்று சொல்லி இளமதியைச் சமாதானப்படுத்தினான்.

அதற்கடுத்த சைரனுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்துவிட்டார். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் தெரு முழுக்கத் திரண்டுவிட்டது.

"யாரும்மா இங்க இளமதி? எத்தினி தபா மெசேஜு! நாங்க வேற வேல பாக்க வாணாமா?"

வேதகிரி முன்னால் வந்து கும்பிட்டார். "மேடம், வாங்க, மோர் சாப்புடுங்க. சின்னப் பொண்ணு, போனு புதுசு, தெரியாம கை பட்டுடுது. இவன் எம் மச்சான், கொழந்த மாதிரி. ரெண்டு பேரையும் நான் கண்டிச்சி வெக்கறேன்."

பெண் போலீஸ் மோரை வாங்கிக்கொண்டார். ஆனாலும் இளமதியின் பக்கம் திரும்பினார்.

"உனுக்கு எதுனா பிரச்சினையாம்மா? இருந்தா சொல்லு. பயப்படாத."

சேட்டு, எல்லப்பன், பிரபா, தினகரன், வேதகிரி எல்லாரும் இளமதியைப் பார்த்தார்கள். வேதகிரி சிரித்த முகத்தோடு பார்த்தார். தினகரனுக்குப் பக்கென்றது. தன்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாளோ? போன மாதம் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளியது ஞாபகத்துக்கு வந்தது.

இளமதி தரையைப் பார்த்தாள்.

"இல்ல மேடம். கை பட்டுடுச்சி."

"இன்னொரு தபா பட்டுச்சின்னா கேஸு," என்று சொல்லிவிட்டு அவர் மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கே ஸ்டேஷன் நம்பர் ஆப்பிலிருந்து போனது. சேட்டு தானாகவே வந்து, தன் நம்பரையும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டான். கால் இன்னும் வீங்கியிருந்தது. மிச்சம் இருந்தது தினகரனும் மாமாவும்தான்.

சேட்டு நம்பரை எடுத்துக்கொண்டானே தவிர, அவனுடைய எருமைக்குக் காதை மூடிக்கொள்ள வழியில்லை. இரண்டு நாள் கழித்துச் சைரன் அடித்தபோது அது மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, தெரு முழுக்க ஓடி, எல்லப்பனின் நாற்றங்காலில் இறங்கிப் புரண்டது. தினகரன் வந்து சேர்ந்தபோது நடுத்தெருவில் எல்லப்பனும் சேட்டும் ஒருவர் பனியனை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எருமைய ஒழுங்கா கட்ட மாட்ட?"

"எருமைய இன்னாய்யா சொல்ற? அத மெரட்னது யாரு?"

அவனைப் பார்த்ததும் இரண்டு பேரும் பனியனை விட்டார்கள். உடனே ஒற்றுமையாகிவிட்டார்கள்.

"யோவ் தினகரா, உன் பேஜாருக்கு ஒரு முடிவே இல்லியா? ஊர்ல வேற யாரும் பொண்டாட்டி கட்டலியா?"

"ஒன்னு அந்தச் சைரன் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்!"

சுற்றிலும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிரபாகூட, "ஆசைக்கும் ஒரு அளவு கீதும்மா," என்று இளமதியைப் பார்த்துச் சொன்னாள்.

வேதகிரி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடுவில் வந்தார். எல்லப்பனுக்குத் தன் நாற்றங்காலிலிருந்து வேண்டிய நாற்றைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னார். சேட்டுவின் எருமைக்குப் புதுக் கயிறு கொடுத்தார். கூட்டம் அசந்துபோய் நின்றது. பிறகு தினகரனின் தோளில் கை போட்டார்.

"மாப்ள, அந்தக் கருமத்த எடுத்துடு. ஊரு சிரிக்குது. தங்கச்சிக்கு ஒன்னுன்னா பாத்துக்கறதுக்கு நான் எதுக்கு கீறேன்? மிஷினுக்கு இருக்கற பாசம் மனுசனுக்கு இல்லாமப் போயிடுமா?"

தினகரனுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கும்போது எங்கோ ஊர் பேர் தெரியாதவன் செய்த ஆப்பை நம்பினோமே என்று இருந்தது. எல்லார் முன்னாலும் இளமதியிடம் கையை நீட்டினான்.

"போனக் குடு."

"வாணாங்க," என்றாள்.

"குடும்மே."

"மெசேஜு போவாட்டிப் போவுது. அந்தச் சைரன் மட்டும் இருக்கட்டுங்க. மெதுவா வெச்சிக்கறேன். எருமைக்குக் கேக்காத மாதிரி வெச்சிக்கறேன்."

கூட்டம் சிரித்தது. போனை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தினகரன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பொம்மையை விடாத குழந்தை மாதிரி இருக்கிறாளே என்று அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆப்பை அழித்தான். 'உடனிரு உங்களை விட்டுப் பிரிகிறது' என்று காட்டிவிட்டு அது போய்ச் சேர்ந்தது. சேட்டு கை தட்டினான்.

இளமதி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மிஷின் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் தினகரன் கடையில் நிம்மதியாக வேலை பார்த்தான். போன் வாயைத் திறக்கவில்லை. பிரிஸ்கில்லா டீச்சரின் ஸ்கூட்டருக்கு ஒருவழியாகப் பிரேக் மாட்டினான். மதியத்துக்கு மேல், ரிப்பேர் முடிந்த ஒரு பைக்கை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் ஊருக்கு வந்தான். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் மாமாவைப் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிடலாம் என்று அக்கா வீட்டின் முன் நிறுத்தினான்.

மாமாவின் பைக் வாசலில் நின்றிருந்தது. உள்ளே சொக்கம்மாள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"மாமா இல்லியாக்கா? வண்டி நிக்கிது."

"இல்ல."

"சரி, வந்தா சொல்லு. இன்னைக்கு ஒரு நாள்தான் நான் உருப்படியா வேல பாத்தேன். எல்லாம் மாமா புண்ணியம்." அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஆமா, உன்ன ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். அந்த சைரனுக்குக் கால் ஒடஞ்ச சேட்டுகூட ஓடியாந்தான். போலீஸு வந்துது. நீ ஒரு நாளாச்சும் வாசல் வரிக்கும் வந்து இன்னா ஏதுன்னு எட்டிப் பாத்தியா? ரெண்டு வூடு தள்ளிதானே கீற?"

சொக்கம்மாள் அடுத்த மீனை எடுத்தாள். மீனின் செதிள் அவள் முழங்கை வரை ஒட்டியிருந்தது.

"போவட்டும் வுடு. இனிமே அந்தத் தொல்லையே இல்ல. நேத்தே ஆப்ப அழிச்சிட்டேன்."

அரிவாள்மணையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. சொக்கம்மாள் தலையைத் தூக்கி, வாசலில் நின்ற பைக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"அழிச்சிட்டியா?" என்றாள். "அந்தச் சத்தம் கேட்டாதானேடா உங்க மாமா உன் வூட்ட வுட்டு எறங்கி வருவாரு."